பந்து இல்லாத பாஸ்கெட்பால்

தென்சென்னைத் தோழிகளுக்கு யானைக்கவுனி எங்கே இருக்கிறது என்று விளக்குவதற்குள் எனக்கு வாய் வலித்துவிடும். "சௌகார்பேட்டையா?" என்பார்கள். கிட்டத்தட்ட. "சென்ட்ரலுக்குப் பின்னாடியா?" அதுவும் சரிதான். வால்டாக்ஸ் ரோட்டில் லாரி புக்கிங் ஆபீஸ்களும் பார்சல் குடோன்களும் வரிசையாக இருக்கும். அந்தப் பக்கம் ரயில் தண்டவாளம், இந்தப் பக்கம் தங்கசாலை. நடுவில் ஒரு சந்தில், மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. அப்பாவுக்கு ஒரு பார்சல் ஆபீஸில் கணக்கு எழுதும் வேலை. நான் பி.காம். மூன்றாம் வருஷம், வடசென்னையில் ஒரு மகளிர் கல்லூரி. பெயர் வேண்டாம், இன்னும் டி.சி. வாங்க வேண்டியிருக்கிறது.

கல்லூரியில் எனக்கு இரண்டு அடையாளம். மைம் டீமில் இருக்கிறேன். பாஸ்கெட்பால் டீமில் இல்லை. இரண்டாவதெல்லாம் ஒரு அடையாளமா என்று கேட்பீர்கள். என் உயரத்துக்கு ஆட்டம் சரிவராது, ஓடினால் மூச்சு வாங்கும். ஆனால் எங்கள் டீம் எங்கே ஆடினாலும் கோர்ட் ஓரத்தில் நான் இருப்பேன். ஸ்கோர் ஷீட் எழுதச் சொல்வார்கள், பையைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள், பாட்டிலில் தண்ணீர் பிடித்துவரச் சொல்வார்கள். சும்மா உட்கார்ந்து ஆட்டம் பார்க்க மட்டும் யாரும் சொல்வதில்லை. ரசிகை என்று ஒரு பதவி இருப்பதாகவே யாரும் ஒத்துக்கொள்வதில்லை. இந்தப் பதிவு அந்தப் பதவிக்காகத்தான்.

என்.பி.ஏ. பார்க்கிற பழக்கம் எனக்குத் தண்ணீரால் வந்தது. எங்கள் தெருவில் மெட்ரோ தண்ணீர் விடிகாலையில் வரும். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அடிபம்பு பக்கத்தில் நம்முடைய முறைக்காகக் காத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் ராத்திரி ஆட்டம் என்றால் நமக்கு அதுதான் நேரம்: காலை ஐந்தரை, ஆறு, சில நாள் எட்டு. பிளஸ் டூ படிக்கும்போது ஒரு கையில் போன், ஒரு கையில் குடம் என்று ஆரம்பித்தது. 2023 ஜூனில் டென்வர் நக்கெட்ஸ் மயாமியை நாலுக்கு ஒன்று என்று வீழ்த்தி முதல்முறை கோப்பை வாங்கிய காலையில் நான் மாடிப்படியில் குடத்தோடு நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் திட்டினார்கள்.

டென்வரைப் பிடித்ததற்குக் காரணம் நிகோலா யோகிச். செர்பியாக்காரர். பார்த்தால் விளையாட்டு வீரர் மாதிரியே இருக்காது. வால்டாக்ஸ் ரோட்டில் மூட்டை இறக்குகிற அண்ணன்கள் மாதிரி உடம்பு, அதே அவசரமில்லாத நடை. எகிறிக் குதிக்க மாட்டார், வேகமும் கிடையாது. புது ஆட்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்டில், 2014-இல் அவரை 41-ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். அவர் பெயரை அறிவித்த நேரத்தில் டிவியில் ஒரு தீனி விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது என்பது பாஸ்கெட்பால் ரசிகர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. அந்த ஆள் பிறகு மூன்று முறை எம்.வி.பி., அதாவது வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். அவருடைய விசேஷம் பாஸ். கண் ஒரு பக்கம் பார்க்கும், தோள் ஒரு பக்கம் திரும்பும், பந்து மூன்றாவது பக்கம் போய்ச் சேர்ந்திருக்கும். முகமும் உடம்பும் சேர்ந்து பொய் சொல்கிற வித்தை அது. மைம் பண்ணுகிறவளுக்கு அதைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எதிர் வீட்டு பாபிக்கு (இந்தியில் அண்ணி) பாஸ்கெட்பால் வேறு விதத்தில் தெரியும். அவர்கள் ராஜஸ்தான் குடும்பம். எனக்குத் தெரிந்து எங்கள் கட்டடத்தில் பாஸ்கெட்பால் என்று சொன்னதும் முகம் மலர்கிற ஒரே ஆள் அவர்தான். 'குச் குச் ஹோதா ஹை' வந்தது 1998-இல். ஷாருக்கானும் கஜோலும் கல்லூரிக் கோர்ட்டில் பந்து தட்டுவதும், பிறகு கஜோல் புடவையோடு ஆடித் தோற்பதும் அவருக்கு மனப்பாடம். புடவை கட்டியதால்தான் தோற்றாள், சுடிதார் போட்டிருந்தால் கதையே வேறு என்பது பாபியின் கட்சி. என்னைப் பொறுத்தவரை இது டி.வி. வர்ணனையாளர்கள் பலர் சொல்வதைவிட மேலான ஆட்ட விமர்சனம்.

கல்ச்சுரல்ஸ் சமாசாரம் இன்னும் வேடிக்கை. முதல் வருஷத்தில் என்னை மைம் டீமில் சேர்த்ததற்கு நடிப்பு காரணமில்லை, முகவரிதான் காரணம். "எங்க இருக்க? யானைக்கவுனியா? அப்ப ப்ராப்பர்ட்டி நீ" என்று சீனியர் அக்கா அப்போதே முடிவு பண்ணிவிட்டார். அன்றிலிருந்து இன்றுவரை யாருக்கு என்ன வேண்டுமானாலும் எனக்குத்தான் போன் வரும். ஃபோக் டான்ஸுக்குக் கோடவுன் தெருவில் மொத்த விலைத் துணி. ஜிகினாவும் பொம்மை மாலையும் கோவிந்தப்ப நாயக்கன் தெருவில். வளையல், பொட்டு, அலங்காரச் சாமான் என்றால் தேவராஜ முதலி தெரு. சார்ட் பேப்பர், கலர் பேப்பருக்குப் பந்தர் தெரு. எல்லாம் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். இரண்டு பை சாமான் வாங்கிக்கொண்டு, தங்கசாலையில் காக்கடா ராம்பிரசாத்தில் ஜிலேபிக்கு நின்றுவிட்டு வந்தால் ஒரு கல்லூரி விழாவுக்கான பாதி வேலை முடிந்த மாதிரி. புரட்டாசியில் திருப்பதிக்குப் போகிற திருக்குடை ஊர்வலம் யானைக்கவுனி தாண்டுகிற நாள் மட்டும் என்னைக் கேட்காதீர்கள். அன்றைக்கு எங்கள் பக்கம் ஆட்டோ வராது, பஸ் வராது, கூட்டத்தில் நடந்தால்தான் உண்டு.

வெள்ளை மாவு அப்பின முகத்தோடு ஒரு நாள் அப்படியே வீட்டுக்கு வந்தேன். ஆயா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னாடி இது, மூஞ்சில சுண்ணாம்பு?" என்றார். மைம் என்றேன். அப்படீன்னா என்றார். பேசாமலே நடிக்கிறது என்றேன். "பேசாம நடிக்கிறதுக்கு எதுக்குடி காலேஜு? உங்க தாத்தா வீட்லயே நடிச்சாரு" என்று உள்ளே போய்விட்டார்.

அந்த ஆயாதான் ஒற்றைவாடை பற்றி எனக்கு முதலில் சொன்னது. அவர் வாயில் அது 'டிராமா கொட்டா'. வால்டாக்ஸ் ரோட்டில் இருந்த அந்த அரங்கில் பெரிய நாடகக் கம்பெனிகள் எல்லாம் ஆடியிருக்கின்றன. எம்.ஜி.ஆர். சினிமாவுக்கு வருவதற்கு முன், நாடகக் கம்பெனி நடிகராக இருந்த நாட்களில், இந்தப் பக்கம்தான் குடியிருந்தார். இதைச் சொல்லும்போது ஆயாவுக்குக் குரலே மாறும், ஏதோ மாடிக்கு மாடி பேசிக்கொண்ட மாதிரி. ஆயா பிறப்பதற்கு முந்தைய கதை அது.

நான் தேடிப்போனது அதற்கும் முந்தைய ஆளை. வீட்டிலிருந்து கொஞ்சம் நடந்தால் ஆச்சாரப்பன் தெரு. 1873-இல் அங்கே பிறந்தவர் பம்மல் சம்பந்த முதலியார். இவரைப் பற்றிப் பள்ளிப் பாடத்தில் 'தமிழ் நாடகத் தந்தை' என்று ஒரு மதிப்பெண் கேள்வியாகப் படித்துவிட்டு மறந்திருப்போம். அவர் எழுதிய 'நாடக மேடை நினைவுகள்' கிடைத்தால் புரட்டிப் பாருங்கள். தந்தை எல்லாம் அப்புறம், முதலில் ஒரு கல்லூரிப் பையன் தெரிவான். தமிழ் நாடகம் என்றாலே அந்தப் பையனுக்கு இளப்பம். பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சாரியார் குழு வந்து போட்ட தெலுங்கு நாடகத்தைப் பார்க்கிறான். படித்தவர்கள், உத்தியோகத்தில் இருப்பவர்கள் மேடையேறி நடிக்கிறார்கள். நாமும் செய்யலாமே என்று தோன்றுகிறது. சில நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு 1891 ஜூலையில் சுகுண விலாச சபை தொடங்குகிறான். அப்போது வயது 18.

அதாவது என் வயதைவிடக் குறைவு. நம்முடைய கல்ச்சுரல் கிளப் ஆரம்பிக்கிற கதைதான்: நாலு பேர், ஒரு வீடு, காசு இல்லை, ஒத்திகைக்கு இடம் இல்லை. வித்தியாசம் என்னவென்றால் இவர்கள் நிறுத்தவில்லை. பிற்பாடு அவர் வக்கீலாகி, சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியாகி, தொண்ணூறுக்கும் மேல் நாடகம் எழுதினார். ரிப்பன் மாளிகை பக்கத்தில் இருக்கும் சிவப்பு விக்டோரியா ஹாலில் அந்தச் சபை நாடகம் போட்டது. சத்தியமூர்த்தி போன்ற அரசியல் தலைவர்கள்கூட அதில் வேஷம் கட்டினார்கள். 1959-இல் சம்பந்த முதலியாருக்குப் பத்மபூஷண். கூத்தாடி என்று ஒதுக்கின தொழிலை, கோர்ட்டுக்குப் போகிறவனும் சாயங்காலம் வந்து செய்யலாம் என்று ஆக்கினதுதான் அவர் வேலை. அந்தச் சபையில் கதாநாயகி வேஷம் ஆண்களுக்குத்தான். எங்கள் மைம் டீமில் அப்பா, போலீஸ், ரவுடி, பஸ் கண்டக்டர் எல்லாம் நாங்கள் பெண்களே. கணக்கு ஒரு வழியாக நேராகிவிட்டது.

இப்போது அந்த 1891-ஐ நினைவில் வையுங்கள். அதே வருஷம் டிசம்பரில் அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற ஊரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஒன்றில், ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர் இரண்டு பீச் பழக்கூடைகளை மாடத்துக் கைப்பிடியில் மாட்டினார். வெளியே பனி, உள்ளே அடங்காத மாணவர்கள். ஏதாவது ஆட்டம் கொடுக்காவிட்டால் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்வார்கள். 13 விதி எழுதி அறிவிப்புப் பலகையில் மாட்டினார். 18 பேர், பக்கத்துக்கு 9 பேர். முதல் ஆட்டத்தில் மொத்தமே ஒரு கூடைதான் விழுந்தது. ஆறு மாத இடைவெளியில் ஆச்சாரப்பன் தெருப் பையன் சபை ஆரம்பிக்கிறான், அங்கே ஒருவர் கூடை மாட்டுகிறார். என்னுடைய இரண்டு பைத்தியமும் ஒரே வயசு. தெரிந்த அன்றைக்கு எதிர்ப்பட்ட எல்லாரிடமும் சொன்னேன். யாரும் அசரவில்லை. "இன்டர்னல் மார்க் போட்டாச்சா பாத்தியா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

அந்த முதல் ஆட்டத்தின் இரண்டு கேப்டன்களில் ஒருவர் டங்கன் பேட்டன். 1894-இல் ஆட்டத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். பிறகு அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக், 1920-இல் சென்னையில் உடற்கல்விக்கு ஒரு பள்ளி தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கிற ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி அதுதான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்கு இந்திய அணியோடு போனவரும் அவரே. தமிழ்நாட்டில் உங்களுக்கு விசில் ஊதிய பி.டி. சார் யாராக இருந்தாலும், அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர், அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்று மேலே போனால் பெரும்பாலும் நந்தனத்தில் போய் நிற்கும். நைஸ்மித்தின் கூடை நம் பள்ளி மைதானங்களுக்கு வந்த வழி இதுதான்.

பெண்கள் ஆட்டத்துக்குத் தனிக் கதை. செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை ஸ்மித் கல்லூரி மாணவிகளுக்கு இதைக் கற்றுக்கொடுத்து 1893-இல் வகுப்புகளுக்கு இடையே ஒரு போட்டி வைத்தார். ஆண்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. ஆனாலும் அரங்கம் நிறைந்த கூட்டம், எல்லாம் மாணவிகள். இந்தத் தகவலை எங்கள் கேப்டனிடம் சொன்னபோது அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "கூட்டம் வந்துச்சா?"

அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. எங்கள் கல்லூரியில் கோர்ட் ஒன்றுதான், சிமெண்ட் தரை. அதன் ஒரு முனையில் மேடை. பாதி வருஷம் அது கோர்ட், கல்ச்சுரல்ஸ் வந்தால் அது பந்தல். அந்தச் சமயத்தில் இரண்டு கட்சியும் பேசிக்கொள்ளாது. பந்தல்காரர் சிமெண்டில் குழி தோண்டக்கூடாது என்று பி.டி. மேடம் காவல் நிற்பார், மண் நிரப்பின டின்னில் கம்பு நடுவார்கள். போர்டு மேல் சீரியல் லைட் கட்டக்கூடாது என்று ஒரு சண்டை, வளையத்தில் தோரணம் தொங்கவிடக்கூடாது என்று ஒரு சண்டை. டீம்காரர்கள் ப்ராக்டிஸ் இல்லாமல் முறைத்துக்கொண்டு திரிவார்கள். நான் இரண்டு பக்கமும் சோறு தின்கிறவள். எனக்கு யாரும் டீ வாங்கித் தர மாட்டார்கள்.

போன வருஷம் எங்களுக்கு மைம் தலைப்பு கிடைக்காமல் தவித்தபோது, பந்தல் போட்ட கோர்ட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: பாஸ்கெட்பாலையே பண்ணலாம். பந்து இல்லாமல். ஒரு மேட்சின் கடைசி 24 செகண்ட், அதை மட்டும் இழுத்து எட்டு நிமிஷம். காலரியில் யாரும் இல்லை, கூட்டிப் பெருக்குகிற அம்மா ஒருவர் மட்டும்.

எங்களுக்குத் தெரிந்த லட்சணத்தில் ஒத்திகை ஆரம்பித்தோம். கேப்டனைக் கூப்பிட்டு வந்து காட்டினேன். முதல் நிமிஷத்திலேயே நிறுத்தச் சொல்லிவிட்டாள்.

"பந்து எங்கடி இருக்கு?"

"கைல."

"அப்ப ஏன் கையையே பாக்கற? ஆடறவ எவளாவது கையப் பாத்துக்கினே ஆடுவாளா? நீ தலைய தூக்கு. ஏய், நீ எதிர்ல நிக்கறவ, அவ மூஞ்சிய பாக்காத. இடுப்ப பாரு. மூஞ்சி ஏமாத்தும், கை ஏமாத்தும், இடுப்பு ஏமாத்தாது."

அதற்குப் பிறகு எல்லாச் சாயங்காலமும் அவள் வந்தாள். கோர்ட் இல்லாமல் அவளுக்கும் வேறு வேலை இல்லை. பெண்கள் பந்து ஆறாம் நம்பர், ஆண்கள் பந்தைவிடக் கொஞ்சம் சின்னது. இரண்டு கைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று நிஜப் பந்தை வைத்துவிட்டு எடுப்பாள். டிரிபிள் பண்ணும்போது பந்தைத் தட்டக்கூடாது, விரலால் அழுத்தி அனுப்ப வேண்டும், திரும்பி வரும்போது உள்ளங்கை கொஞ்சம் மேலே போய் அதை வாங்கிக்கொள்ள வேண்டும். இடுப்புக்கு மேல் எழும்பக்கூடாது. வளையம் பத்தடி உயரம். எங்களில் உயரமானவள், குட்டையானவள் எல்லாரும் இல்லாத அந்த ஒரே வளையத்தைப் பார்க்க வேண்டும். ஹாலில் மின்விசிறிக் கொக்கியில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டிப் பார்த்துப் பழகினோம். மேடையில் ரிப்பன் இருக்காது, கழுத்துக்கு அந்தக் கோணம் பழகியிருக்கும்.

மைமில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது புள்ளி. காற்றில் ஒரு சுவரைத் தொட்டால், உடம்பு எங்கே போனாலும் கை அந்தப் புள்ளியை விட்டு நகரக்கூடாது. நகர்ந்தால் சுவர் செத்துப்போகும். பாஸ்கெட்பாலில் பிவட் என்று ஒன்று இருக்கிறது. பந்தைப் பிடித்து நின்றபின் ஒரு கால் தரையில் ஊன்றினது ஊன்றினபடி இருக்க வேண்டும், மற்ற காலைச் சுற்றிலும் வைத்துத் திரும்பலாம். ஊன்றின கால் இழுபட்டால் ட்ராவல், பந்து எதிரிக்கு. கேப்டனுக்குப் புள்ளி என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியே இருக்கவில்லை. அவள் ஒரே நாளில் எங்களைவிட நன்றாக மைம் பண்ணினாள். மேடைக்கு வா என்றால் மட்டும் "போடி" என்றுவிட்டாள்.

கஷ்டம் ஆட்டத்தில் இல்லை. பாஸில்தான். ஐந்து பேரும் இல்லாத பந்தை ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் பார்க்க வேண்டும். ஒருத்தியின் கண் அரை நொடி பிந்தினால் போதும், பார்க்கிறவர்களுக்குப் பந்து காணாமல் போய்விடும். கையால் எவ்வளவு நடித்தாலும் வராது. பந்தைக் காட்டுவது பந்து வைத்திருப்பவள் இல்லை, அதைப் பார்க்கிற மற்ற நாலு பேர். இது பிடிபட்ட பிறகுதான் எங்கள் மைம் மைமாக ஆனது. நான் பெருக்குகிற அம்மா வேஷம். எட்டு நிமிஷமும் துடைப்பத்தோடு அந்தப் பந்தைக் கண்ணால் தொடர்வது மட்டும்தான் என் வேலை. ஜோக்காகக் கொடுத்தார்கள், கடைசியில் அதுதான் நங்கூரம். என் கண் போகிற பக்கம்தான் சபையின் கண் போனது.

இரண்டாம் பரிசு. "டெக்னிக் பிரமாதம், மெசேஜ் எங்கே?" என்று நடுவர் கேட்டார். முதல் பரிசு போதை ஒழிப்புக்குப் போயிற்று. கல்ச்சுரல்ஸில் போதை, வரதட்சணை, செல்போன், மரம் நடுதல் ஆகிய நான்கையும் யாரும் ஜெயிக்க முடியாது. போகட்டும்.

இனி அந்தக் காலி காலரி. அது கற்பனை இல்லை. எங்கள் டீம் ஆடுகிற இன்டர் காலேஜ் ஆட்டங்களில் பார்க்க இருப்பது யார் என்றால், அடுத்த மேட்சுக்குக் காத்திருக்கிற டீம், அவர்களுடைய பைகள், ஒன்றிரண்டு அம்மா அப்பா. அதே கல்லூரியில் லைட் மியூசிக் என்றால் நிற்க இடம் இருக்காது. ஏன் என்று யோசித்ததில் எனக்குத் தெரிந்த ஒரு காரணம் ஓ.டி., அதாவது வகுப்பில் இல்லாவிட்டாலும் வந்ததாகக் கணக்கு வைக்கிற 'ஆன் டியூட்டி'. ஆடுகிறவளுக்கு ஓ.டி. உண்டு. டான்ஸ் ஆடினால் ஓ.டி. உண்டு. பந்தலுக்குச் சேர் போட்டால்கூட ஓ.டி. உண்டு. உட்கார்ந்து பார்க்கிறவளுக்குக் கிடையாது. 75 சதவீத அட்டண்டன்ஸ் பயத்தில் இருக்கிற பெண் எப்படி மத்தியானம் மூன்று மணி மேட்சுக்கு வருவாள்? கல்ச்சுரல்ஸ் நடந்தால் வகுப்பே ரத்து, கூட்டம் தானாக வரும். மேட்ச் நடந்தால் வகுப்பு நடக்கும்.

ஊரளவிலும் இதே கதை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நேரு உள்விளையாட்டு அரங்கம். யானைக்கவுனி பாலம் இடித்துக் கிடந்த வருஷங்களில் அங்கே போக ஊரைச் சுற்ற வேண்டியிருந்தது. இப்போது புதுப் பாலம் ஏறி இறங்கினால் ராஜா முத்தையா சாலை, நடந்தே போகலாம். 2022 ஏப்ரலில் 71-ஆவது தேசிய சீனியர் போட்டி அங்கே நடந்தது. ஆண்கள் இறுதியாட்டத்தில் தமிழ்நாடு பஞ்சாபைத் தோற்கடித்தது. பஞ்சாப் என்றால் இந்தியப் பாஸ்கெட்பாலில் ஒரு குலம், ஆறரை அடிக்குக் குறைந்தவர்கள் கேலிக்கு ஆளாவார்கள். 2015-இல் என்.பி.ஏ. டிராஃப்டில் எடுக்கப்பட்ட முதல் இந்தியர் சத்னாம் சிங் அங்கிருந்து வந்தவர்தான். அப்படிப்பட்ட அணியை நம் பிள்ளைகள் நம் ஊரில் வைத்து ஜெயித்தார்கள். மறுநாள் பிளஸ் ஒன் வகுப்பில் இதை நான் சொன்னபோது எல்லாரும் ஐ.பி.எல். பேசிக்கொண்டிருந்தார்கள். 2024 நவம்பரில் ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றுக்குக் கத்தார் அணி இதே அரங்குக்கு வந்தது. இந்தியா தோற்றது. சர்வதேச ஆட்டம் என் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் நடந்தது என்பதை என் தெருவில் நான் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்கள்.

அனிதா பால்துரையை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைப் பெண். தெற்கு ரயில்வேக்கு ஆடியவர். அதன் தலைமையகம் சென்ட்ரல் பக்கத்தில், எங்கள் வீட்டுக்கு அக்கம்பக்கம் என்றே சொல்வேன். இந்திய அணியின் கேப்டனாகப் பல வருஷம் இருந்தார். ஆசிய சாம்பியன்ஷிப்பில் ஒன்பது முறை ஆடிய இந்தியப் பெண் அவர். 2021-இல் பத்மஸ்ரீ. அவர் பெயரைச் சொன்னால் எங்கள் வகுப்பில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நீங்களே ஊகியுங்கள். கேப்டனிடம் கேட்டால் மட்டும் அவர் எந்தக் கையால் டிரைவ் போவார் என்பதுவரை சொல்வாள்.

ஆடுகிறவர்கள் ஏன் ஆடுகிறார்கள் என்பதில் மர்மம் எதுவும் இல்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரி சீட், அதன்பின் ஐ.ஓ.பி., இந்தியன் வங்கி, ரயில்வே, வருமானவரித் துறை அல்லது போலீஸ் என்று ஒரு வேலை. தமிழக அரசு வேலைகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. எங்கள் டீமில் பாதிப் பேர் வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவர்கள், அவர்களுக்குப் பந்துதான் ஃபீஸ் கட்டியது. வடசென்னையில் விளையாட்டு எப்போதுமே இப்படித்தான். கேரம் போர்டை வைத்தே செரியன் நகர் காசிமா 2024-இல் அமெரிக்கா போய் மூன்று தங்கத்தோடு திரும்பினாள். வேலைக்காக ஆடுகிறார்கள் என்று சிலர் மட்டமாகப் பேசுவார்கள். சம்பந்த முதலியார் மாதிரி பகலில் கோர்ட், சாயங்காலம் மேடை என்று இருக்க எல்லா வீட்டிலும் வசதி இருக்காது. கலையோ ஆட்டமோ, சோறு போட்டால் அதில் குறைச்சல் எதுவும் இல்லை.

ஆனால் வேலையும் சான்றிதழும் ஆடுகிறவர்களுக்கு. ஆட்டத்துக்கு வேண்டியது ஆள். மேடையில் நின்றவள் என்கிற முறையில் சொல்கிறேன், வெளிச்சம் கண்ணில் அடித்தாலும் முன் வரிசையில் எத்தனை சேர் காலி என்பது நமக்குத் தெரிந்துவிடும். கோர்ட்டில் நிற்பவளுக்கு அதைவிட நன்றாகத் தெரியும், அங்கே இருட்டுகூட இல்லை.

அதனால் என் கோரிக்கை இரண்டு. ஒன்று, எந்தக் கல்லூரி முதல்வராவது தப்பித்தவறி இதைப் படித்தால்: சொந்தக் கல்லூரி மைதானத்தில் மேட்ச் நடந்தால் கடைசி இரண்டு பீரியடுக்குப் பார்க்க வருகிறவர்களுக்கும் ஓ.டி. கொடுங்கள். செலவு ஒன்றும் இல்லை, ஒரு கையெழுத்துதான். இரண்டாவது உங்களுக்கு. முதலமைச்சர் கோப்பையில் பள்ளி, கல்லூரி இரண்டு பிரிவிலும் பாஸ்கெட்பால் இருக்கிறது. லயோலாவில் பெர்ட்ராம் நினைவுப் போட்டி நடக்கும். இந்த மாதிரி ஆட்டங்களுக்குப் பெரும்பாலும் டிக்கெட்டே கிடையாது, உள்ளே போய் உட்கார வேண்டியதுதான். நேரு ஸ்டேடியத்தில் நடந்தால் எங்கள் பக்கமாக வாருங்கள். தங்கசாலையில் முறுக்கு சாண்ட்விச் வாங்கித் தருகிறேன், வெளியிலேயே தின்றுவிட்டுப் போகலாம், உள்ளே தீனி எடுத்துப்போக விடமாட்டார்கள். விதி தெரியாவிட்டால் பரவாயில்லை, பக்கத்தில் உட்காருங்கள், சொல்லித் தருகிறேன். பந்தைப் பார்க்காதீர்கள், முதலில் இடுப்பைப் பாருங்கள்.